ஒரு கரண்டி ஈயம்

போன வாரம் கடைக்கு ஒரு பார்சல் வந்தது. செருப்புப் பெட்டியைவிடச் சின்னது. கூரியர்காரர் அதை வயிற்றோடு அணைத்துத் தூக்கிவந்து மேசைமேல் வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். உள்ளே என்ன, அம்மிக்கல்லா என்று கேட்டார். பிரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அளவுக்கு அந்தக் கனம் இரண்டு பொருளுக்குத்தான் உண்டு. ராயபுரத்துக்கு யாரும் தங்கத்தைக் கூரியரில் அனுப்புவதில்லை.

உன் ஈயக்கட்டிகளில் ஒன்று. ஓரத்தில் நீயே ஆணியால் கீறிய எண், மூன்று. கூடவே ஒரு கடிதம். உன்னிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்து, இப்போது உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் காவ்யா எழுதியிருந்தாள். கருவியைச் சுற்றியிருந்த ஈயச் சுவரை முழுதாகக் கழற்றி ஒவ்வொரு கட்டியாக அளந்து பார்த்தார்களாம். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிட்ட கட்டிகள் மட்டும் சுத்தமாக இல்லையாம். பயப்பட வேண்டாம், கடையில் விற்கும் சாதாரண ஈயத்தில் இருக்கும் கதிரியக்கத்தைவிடக் குறைவுதான் என்று அடைப்புக்குறிக்குள் ஆறுதல். கடைசியில் ஒரு கேள்வி: “முதல் மூன்று கட்டிகளை வார்த்தபோது என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா, சார்?”

நினைவிருக்கிறதா என்று கேட்கிறது பெண். மனைவியின் பிறந்தநாளை நான் இரண்டு தடவை மறந்திருக்கிறேன். அந்த நாளை மறந்ததில்லை.

நாம் பழகிய கதையை உனக்கே சொல்வது அசட்டுத்தனம்தான். ஆனால் எழுதுகிறவனுக்கு அந்தச் சலுகை உண்டு. நீ குறுக்கே பேசப்போவதில்லை, முதல் தடவையாக.

கல்லூரியில் நீ இயற்பியல், நான் தமிழ். நீ வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து வருவாய். உன் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, காசிமேடு போகும் சாலையில் வலை, கயிறு, மிதவை, ஈயக்குண்டு விற்கும் கடை போட்டவர். பின்கட்டில் ஈயம் உருக்கும் அடுப்பு. அதற்கு எதிர்ச் சுவரோரம் படகு வடிவத்தில் கறுத்துப்போன ஈயப் பாளங்கள் அடுக்கியிருக்கும். எப்போதோ மூழ்கிய பாய்மரக் கப்பலின் அடிப்பாரம். இழுவலையில் சிக்கி வந்ததை அப்பா வாங்கிப் போட்டிருந்தார். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அதை உருக்கிக் குண்டு செய்தால் ஒரு மீனவரும் தொடமாட்டார் என்று. முழுகின கப்பலின் ஈயத்தை வலையில் கட்டினால் வலையும் முழுகுமாம். வலையில் ஈயம் கட்டுவதே அது முழுகத்தான் என்று நான் எடுத்துச் சொன்னேன். அப்பா என்னைக் கடைக்குள் போகச் சொன்னார்.

அப்படியாக அந்தப் பாளங்கள் இருபது வருடத்துக்கு மேல் நமக்கு உட்காரும் இடமாயின. டீயும் மசால்வடையும் வைத்துக்கொண்டு அதன்மேல் குந்தித்தான் நீ எனக்கு அண்டத்தைச் சொன்னாய். விண்மீன் கூட்டங்களின் ஓரத்தில் இருக்கும் விண்மீன்கள் இருக்கவேண்டியதைவிட வேகமாகச் சுற்றுகின்றன, அந்த வேகத்துக்கு அவை சிதறிப் போயிருக்க வேண்டும், போகவில்லை என்றாய்.

“ராட்டினத்துல ஓரத்துல குந்திகினு கீறவன் பறந்து பூடாம கீறான்னா, யாரோ புடிச்சிகினு கீறாங்கன்னு அர்த்தம் மாமு. கை மட்டும் தெரில.”

அந்தக் கைக்குக் கரும்பொருள் என்று பெயர். ஒளியைத் தொடாது, ஒளியும் அதைத் தொடாது, எடை மட்டும் உண்டு. எங்கள் வட்டாரத்தில் கரும்பொருளைக் கண்டுபிடிக்க இவ்வளவு படிப்பு தேவையில்லை, அனல்மின் நிலையம் இருக்கும் அத்திப்பட்டில் மொட்டைமாடியில் ஒரு வெள்ளை வேட்டி காயப்போட்டால் போதும் என்றேன். நீ சிரித்துவிட்டு, அது சாம்பல், தொட்டால் கையில் ஒட்டும், இது ஒட்டாது, அதுதான் பேஜாரு என்றாய். ஒட்டாத ஒன்றைத் தேடி நீ வாழ்நாளைச் செலவழிக்கப் போகிறாய் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், உன் அப்பா உன்னைத் துறைமுகத்துக்கே அனுப்பியிருப்பார்.

பேச்சை நீ மாற்றிக்கொள்ளவே இல்லை. வேலைக்கான நேர்காணலில் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு, ஒருவர் எந்த ஊர் என்று கேட்டபோது வியாசர்பாடி என்றாய். அவர் புருவத்தைத் தூக்கினாராம். “வூடு அங்கதான் சார் கீது” என்று அதே முகத்தோடு சொன்னதாக வந்து சொன்னாய். வேலை கிடைத்தது. புருவம் இறங்கியதா என்று தெரியவில்லை.

அதன்பிறகு நீ பெரும்பாலும் வேறு மாநிலத்தில் ஒரு சுரங்கத்துக்குள் இருந்தாய், வானத்திலிருந்து வரும் கதிர்களை மேலே இருக்கும் பாறை தடுக்கும் என்று. இருபது வருடம் கழித்து ஒரு நாள் கடைக்கு வந்தாய். வழக்கம்போல் பாளத்தில் உட்கார்ந்தாய். உட்கார்ந்தவன் உடனே எழுந்து, அதைக் குனிந்து பார்த்தாய். பூனை மீனைப் பார்க்கிற மாதிரி என்று எழுதுவேன், ஆனால் காசிமேட்டுப் பூனைகளுக்கு மீன்மேல் அவ்வளவு மரியாதை கிடையாது.

விஷயம் இதுதான். கரும்பொருளைத் தேடும் உன் கருவியைச் சுற்றி ஈயச் சுவர் கட்டவேண்டும், வெளியிலிருந்து வரும் கதிரியக்கத்தைத் தடுக்க. ஆனால் ஈயத்துக்குள்ளேயே கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. தாதுவிலிருந்து பிரித்தெடுத்த நாளிலிருந்து அது மெல்ல மெல்லத் தணியும். இருநூறு வருடம் ஆனால் ஏறக்குறைய அடங்கிவிடும். காவல்காரனே திருடனாக இருக்கக்கூடாது என்றால் கிழட்டுக் காவல்காரனாகப் பார்த்து வைக்கவேண்டும். உலகம் முழுக்க உன்னைப் போன்றவர்கள் பழைய ஈயத்துக்கு அலைகிறார்கள், மூழ்கிய கப்பல்களைத் துழாவுகிறார்கள். நீ கல்லூரிக் காலம் முழுக்க அதன்மேல் உட்கார்ந்திருந்தாய்.

மீனவர்களின் மூடநம்பிக்கைதான் அந்த ஈயத்தை உனக்காகக் காப்பாற்றி வைத்தது என்று நான் அன்றைக்கு ஒரு சொற்பொழிவே நடத்தினேன். இல்லாவிட்டால் அது என்றைக்கோ குண்டு குண்டாகக் கடலுக்குத் திரும்பியிருக்கும். பகுத்தறிவு சாதிக்காததைப் பயம் சாதித்திருக்கிறது பார் என்றேன். மூடநம்பிக்கை இன்னும் பாக்கி வைத்திருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

வெளி உலைகளில் கொடுக்க நீ சம்மதிக்கவில்லை. எல்லா உலையிலும் பழைய பேட்டரி ஈயம் ஓடியிருக்கும், அது கலீஜ் என்றாய். எங்கள் அடுப்பிலேயே வார்ப்பது, ஆனால் புதுச் சட்டி, புதுக் கரண்டி, புது அச்சு. மூன்றையும் நீயே பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துவந்தாய். முகத்தில் துணி, கையில் உறை. எங்களுக்கு ஈயம் உருக்கும் தேசிங்கு உன்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். இருபத்தைந்து வருடமாக அந்த அடுப்பில் நிற்கிறவன். குயந்தைக்குப் பால் காச்சுற மாரி காச்சணுமா சார் என்று கேட்டான். அதைவிட ஜாக்கிரதையா என்றாய்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். அப்பா காலத்திலிருந்து, ஒருவேளை கடைக்கும் முந்தி. சட்டி ஓட்டையாகிப் புதுச் சட்டி மாற்றினால், முதல் உருக்கில் பழைய சட்டியிலிருந்து ஒரு கரண்டி ஊற்றவேண்டும். தாய் ஊற்றுவது என்று பெயர். புதுப் பாத்திரத்தில் பால் உறைய முந்தின தயிர் ஒரு ஸ்பூன் விடுகிற மாதிரி. தாய் ஊற்றாத சட்டியில் வார்த்த குண்டு வலையை அறுக்கும் என்று மீனவர்கள் நம்புகிறார்கள். புதுச் சட்டி என்று தெரிந்தால் தாய் ஊத்தினதா என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். இதை நான் எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன். ஒரு பத்திரிகையில் துணுக்காகக்கூட எழுதினேன்.

அன்றைக்கு மத்தியானம் முதல் பாளம் உருகி, பாலாடை மாதிரி மேலே படர்ந்ததை தேசிங்கு வழித்துப் போட்டுக்கொண்டிருந்தான். உனக்கு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. பின்கட்டில் சிக்னல் இல்லை. ரெண்டே நிமிசம், ஒண்ணியும் தொடாதீங்கோ என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாய்.

தேசிங்கு பக்கத்து அடுப்பில் குண்டுக்காகப் பேட்டரி ஈயம் உருகிக் கிடந்த பழைய சட்டியில் ஒரு கரண்டி மொண்டான். புதுச் சட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். முப்பது வருடம் ஈயம் உருக்கும் கடையில் இருந்தவனுக்கு அந்தப் பார்வை புரியும். நான் வாசல் பக்கம் பார்த்தேன். உன் முதுகு தெரிந்தது.

தலையை ஆட்டினேன்.

ஏன் என்று கேட்காதே. ஒரு கரண்டிதானே என்று நினைத்தேன். அப்பா இருந்தால் செய்வார் என்று நினைத்தேன். உன் காரியம் நல்லபடியாக நடக்கவேண்டும் என்றும் நினைத்தேன். அதுதான் இதில் சகிக்கமுடியாத பகுதி. உனக்கு நல்லது நடக்கவேண்டும் என்பதற்காகத்தான் நான் அந்த ஒரு கரண்டி பேட்டரி ஈயத்தை உன் இருநூறு வருடத்துக்குள் ஊற்றச் சொன்னேன்.

நாற்பது கட்டி ஆனது. வார்த்த வரிசையிலேயே நீ எண் கீறினாய். ஒரு சட்டி உருக்கினால் மூன்று கட்டி. நாற்பதையும் அளக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால், சோதனைக்கு ஒரு கட்டி எடுத்துத் தரச் சொன்னாய். சாம்பிள் என்றால் இருப்பதிலேயே அழகானதை எடுத்துக் கொடுப்பது என்று பரம்பரையாக நம்பும் குடும்பம் எங்களுடையது. தேசிங்கின் கை பழகி, ஓரம் பிசிறில்லாமல் வந்திருந்த கடைசிக் கட்டியைக் கொடுத்தேன். நாற்பது. அது உன் கருவிகளால் குறை சொல்லமுடியாத அளவுக்குச் சுத்தமாக இருந்தது. போனில் என்னைப் பாராட்டினாய். நான் அடக்கமாக ஏற்றுக்கொண்டேன்.

சுவர் கட்டி முடித்ததும் என்னைச் சுரங்கத்துக்கு அழைத்துப் போனாய். லிஃப்ட் என்று அழைக்கப்பட்ட ஒரு இரும்புக் கூண்டில் இறங்கினோம். காது அடைத்தது. கீழே புழுக்கம், ஈரப் பாறை, தகரக் கதவு, அதற்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதற்குள் நம் ஈயம், அதற்குள் உள்ளங்கை அளவு படிகம். கரும்பொருள் துகள் ஒன்று அதில் வந்து முட்டினால் ஒரு மினுக்கல் தெரியும். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ முட்டலாம். முட்டாமலும் போகலாம்.

எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டால் நீ தேடுவதும் வெளியிலேயே நின்றுவிடாதா என்று கேட்டேன். நான் கேட்டதிலேயே உருப்படியான கேள்வி அதுதான் என்றாய். அந்தத் துகள் கொஞ்சம் அதிகமாக ஒட்டக்கூடியதாக இருந்தால் மேலே இருக்கும் பாறையிலேயே முட்டி முட்டி ஓய்ந்துவிடும், கீழே வரவே வராது. ரொம்பக் கூச்சமுள்ளதாக இருந்தால் பூமியையே ஊடுருவிப் போய்விடும், நம் படிகத்தைத் திரும்பிப் பார்க்காது. நடுவில் ஒரு இடைவெளி. அதற்குள் இருந்தால்தான் நமக்குத் தெரியும். அந்த இடைவெளியிலும் எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களை எந்த ஈயத்தாலும் தடுக்கமுடியாது. அவையும் இதே மாதிரிதான் முட்டும், இதே மாதிரிதான் மினுக்கும். பெரிய கருவிகள் நியூட்ரினோ தெரியும் அந்த அளவை எட்டத் தொடங்கிவிட்டன. அதற்குக் கீழே எது எதுவென்று பிரிப்பது மூடுபனியில் ஆள் அடையாளம் பார்ப்பது போலத்தான் என்றாய்.

அப்புறம் எதற்கு இத்தனையும் என்றேன். வலைக்கண் பெரிதாக இருந்தால் சின்ன மீன் இல்லை என்று ஆகிவிடாது என்று எனக்குத் தெரிந்த ஞானத்தையும் எடுத்துவிட்டேன்.

“வலை விக்கிறவனுக்கு எல்லாம் வலையாத்தான் தெரியும்” என்றாய். பிறகு ஈயச் சுவரின்மேல் கையை வைத்து, வேடிக்கை இல்லாத குரலில் சொன்னாய்: “கீதுன்னு சொல்றதுக்கு அதிஷ்டம் வோணும் மாமு. இல்லன்னு சொல்றதுக்கு சுத்தம் வோணும். நம்மளால முடிஞ்சது இல்லன்னு சுத்தமா சொல்றது. இங்க இல்ல, இதுக்கு மேல இல்லன்னு ஒரு கோடு போட்டுட்டா, அடுத்தவன் அங்க தேடி பேஜாராவ மாட்டான்.”

உன் கை ஒன்றாம் எண் கட்டியின்மேல் இருந்தது. நான் பார்த்தேன்.

ஒரு வருடம் கழித்து உன் வரைபடத்தில் ஒரு புடைப்பு வந்தது. எதிர்பார்த்ததைவிட வாரத்துக்கு இரண்டு மூன்று மினுக்கல் கூடுதல். நீ அதை யாரிடமும் உரக்கச் சொல்லவில்லை. செல்வியிடம் சொன்னாய், என்னிடம் சொன்னாய். உன் மனைவி அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள், இல்லாததை இருக்கிறது என்று எழுதிப் பழகாதவள். அவளே அந்த வரைபடத்தை அச்செடுத்து, சட்டம் போட்டு, கூடத்தில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அது யாருடைய இதயத் துடிப்பு என்று கேட்டார்கள்.

நீ மட்டும் சந்தோஷமாக இல்லை. பூமி சூரியனைச் சுற்றும்போது ஜூனில் கரும்பொருள் காற்றை எதிர்த்துப் போகும், டிசம்பரில் அதன் போக்கிலேயே போகும்; ஆகவே மினுக்கல் ஏறி இறங்க வேண்டும். உன் புடைப்பு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. வெயிலும் மழையும் தெரியாத பொருள் விண்வெளியிலிருந்து வராது, அறைக்குள்தான் எங்கேயோ குந்திக்கொண்டிருக்கிறது என்றாய்.

அப்போதுதான் கடைக்கு வந்தாய். பாளங்கள் இல்லாததால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாய். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாய். ஒயர், திருகாணி, பசை, படிகத்தைத் தாங்கும் செம்பு, கையுறையின் பவுடர் வரைக்கும் சந்தேகப் பட்டியல் போட்டிருந்தாய். ஈயச் சுவரைப் பிரித்தால் மறுபடி கட்டி அடங்க எட்டு மாதம் போய்விடும், மற்றதையெல்லாம் அதற்கு முன்னால் பார்த்துவிடலாம் என்றாய். அப்புறம் சாதாரணமாகக் கேட்டாய்.

“மாமு, அன்னிக்கு புதுச் சட்டில நம்ப ஈயம் தவிர வேற இன்னாவாவது போச்சா?”

தேசிங்கு அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தான். தலையைத் தூக்கவில்லை.

“ஒண்ணும் போகல. சட்டி நீ குடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படித்தான்” என்றேன்.

சரி என்று ஏதோ எழுதிக்கொண்டாய். டீ குடித்தாய். போய்விட்டாய்.

இதற்கும் ஏன் என்று கேட்காதே என்று எழுத வந்தேன். இரண்டு தடவை அதே சலுகை எடுப்பது முறையில்லை. சொல்கிறேன். தாய் ஊற்றுவதை அச்சில் கிண்டல் செய்தவன், ஆள் இல்லாதபோது தலையாட்டினான் என்று உன்னிடம் ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று இத்தனை நாளாகத் துழாவுகிறேன், கிடைக்கவில்லை. ஒருவேளை அது ஈயம் இல்லை, நிஜமாகவே கண்ணுக்குத் தெரியாத அந்தக் கைதானோ என்ற நப்பாசையும் கொஞ்சம் இருந்தது. ஆனால் அதைக் காரணம் என்று சொன்னால் இன்னொரு பொய் ஆகும்.

பதினொரு மாதம் நீ திருகாணி திருகாணியாகக் கழற்றி அளந்தாய். மாதத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வருவாய். ஒயர் சுத்தம் மாமு, பசை சுத்தம் மாமு என்று போன் செய்வாய், ஒவ்வொரு நல்ல செய்தியும் உன் குரலில் கெட்ட செய்தியாக இருக்கும். அப்படியா என்பேன். பிறகு வயிற்று வலி என்று வந்தாய். கணையம் என்றார்கள். மூன்று மாதம்கூட இல்லை.

மூலக்கொத்தளம் இடுகாட்டில் உன்னை இறக்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. குழி வெட்டியவர் ஆறடி ஆச்சு, போதுமா என்று கேட்டார். உன் கணக்குப்படி ஆறடி மண் எதையும் தடுக்காது. போதும் என்றேன். எங்கு பார்த்தாலும் நான்தான் போதும் என்று தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

காவ்யாவின் கடிதத்துக்கு நான் மூன்று நாள் பதில் எழுதவில்லை. எழுதினால் புடைப்பு போய்விடும். எழுதாவிட்டால் அது உன் பெயரோடு ஒரு சந்தேகமாக நிற்கும். சில பேர் அதை நம்புவார்கள், செல்வி நிச்சயமாக நம்புவாள். இறந்தவனுக்கு ஒரு புடைப்பாவது மிஞ்சட்டுமே என்று இரக்கம் மாதிரி ஒன்று எனக்குள் பேசியது. என்னுடைய இரக்கங்களை எனக்குத் தெரியும். கடைசியில் எல்லாம் எனக்கு வசதியாகத்தான் முடியும்.

நான்காம் நாள் வியாசர்பாடிக்குப் போனேன். செல்வி டியூட்டி முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கரண்டியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்னேன். அவள் கஞ்சி முழுக்க வடியும் வரை பானையைச் சாய்த்தபடியே பிடித்திருந்தாள்.

“எத்தினி மாசண்ணா அத்த தேடிகினு இருந்தாரு?”

“பதினொண்ணு.”

“நீ வாயத் தொறந்து சொல்லியிருந்தா?”

“எட்டு மாசம் சுவர் கட்ட ஆகும். ஆனா அது காவ்யா பார்த்திருப்பா. இவன் இங்க இருந்திருப்பான்.”

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டுவாள் என்ற நம்பிக்கையில்தான் போயிருந்தேன். பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு, அந்தப் பொண்ணுக்குச் சொல்லிட்டியா என்றாள். இன்னும் இல்லை, உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று வந்தேன் என்றேன்.

“என்னாத்துக்கு என்ன கேக்குற? கெட்டுப்போன ரத்தத்துல ரிப்போட்டு குடுக்கக் கூடாது. யாரு ரத்தமா இருந்தா இன்னா?” பிறகு சொன்னாள்: “சொல்லிட்டு வந்து சொல்லு. அப்பறம் கொஞ்ச நாளு இங்க வராதண்ணா.”

வரும்போது கூடத்தில் உன் வரைபடத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் செருப்பைப் போட்டுக்கொள்ள முடிந்தது.

மறுநாள் காலை கடை திறந்ததும் காவ்யாவுக்குப் போன் செய்தேன். தேசிங்கு பக்கத்தில் நின்றான். தாய் ஊற்றிய விவரத்தை அவனும் சொன்னான். என் தலையாட்டலை நான் சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. முடித்ததும், அப்போ முதல் சட்டி மட்டும்தானுங்களே, மூணு கட்டியையும் எடுத்துட்டா எல்லாம் சரியாயிடுங்க சார் என்றாள். அதன்பிறகு தரவை மறுபடி கணக்கிட்டு, இங்கே இல்லை என்று ஒரு கோடு போடலாமாம். உலகத்தில் மற்றவர்கள் ஏற்கெனவே கீழே போட்ட கோடுகளுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், அதனாலேயே யாருக்கும் பெரிதாக உதவாத கோடு. ஆனால் சுத்தமானது. உன் பெயரில் வரும்.

எப்படி ஈயத்தின் மேல் சந்தேகம் வந்தது என்று கேட்டேன்.

“சாரோட நோட்டுல பட்டியல் இருக்குங்க. ஒயர், பசை, செம்பு, எல்லாத்துக்கும் நேரா அளந்த எண் எழுதியிருக்காருங்க. ஈயத்துக்கு நேரா மட்டும் புதுசா அளந்த எண் இல்ல. ‘மாமு சொன்னான்’னு எழுதியிருக்காருங்க. மாமுங்கறது ஏதோ ஒரு லேப் பேருன்னு நெனச்சுட்டோம் சார். தேடித் தேடிப் பாத்தோம், அப்படி ஒரு லேப் எங்கயும் இல்லைங்க.”

இல்லைம்மா, அது லேப் இல்லை என்றேன்.

பாறையை நம்பாமல் ஈயம் வைத்தாய். ஈயத்தை நம்பாமல் இருநூறு வருடம் பழையதாகத் தேடினாய். கையுறையின் பவுடரைக்கூட அளந்தாய். என்னை அளக்கவில்லை.

அந்த வரியை என்ன செய்வீர்கள் என்று காவ்யாவிடம் கேட்டேன். அடித்துவிட்டுப் பக்கத்தில் புது எண்ணை எழுதுவோம் என்றாள். முழுசாக அழித்துவிடுவீர்களா என்றேன். இல்லைங்க சார், ஆய்வு நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது, கீழே இருப்பது வாசிக்கத் தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடுதான் போடவேண்டும், சார்தான் எங்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்றாள். அவள் கோடு போடுவது போனில் எனக்குக் கேட்டது.